கிடங்கில் ஓர் அடுப்பு

"பூட்டு எதுக்குக்கா?"

சின்னவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள். வாசலில் நின்ற பெரியவள் கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மறைத்த பிறகு அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"அவர் குடுத்தனுப்பினார். என்னைக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"நான் இருக்கிற ரூமுக்கா?"

"நீ இருக்கிறப்ப இல்லடி. சமையல முடிச்சு மேல ஏத்திடு. அப்புறம் புள்ளையக் கூட்டிக்கிட்டு கடைத்தெருப் பக்கம் எங்கயாவது போயிட்டு வா. ரோட்டைப் பார்க்கிற இன்ஜினியரெல்லாம் மத்தியானம்தான் வருவாங்க. பார்த்துட்டு, சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. அதுவரைக்கும் வெளிய ஒரு பூட்டுத் தொங்கணும், அவ்வளவுதான்."

"நான் சமைச்சதைச் சாப்பிட்டுட்டு, நான் இங்க இல்லன்னு எழுதிட்டுப் போவாங்க."

பெரியவள் பூட்டைச் சமையல் மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் படியேறிப் போனாள். மாடி வீட்டு அடுப்பு எப்போதும் பளபளவென்று இருக்கும். அதில் சமையல் நடப்பதில்லை என்பதுதான் காரணம். புதிதாக வெள்ளையடித்த சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும் என்று இரண்டு குடும்பத்துக்கும் கீழறையிலேயே உலை வைப்பதென்று ஆகிவிட்டது. கணவன் இறந்த பிறகு சின்னவளுக்கு அந்த வீட்டில் எஞ்சிய உரிமைகளில் அதுவும் ஒன்று.

அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது கீழறைக்குத் தெருவிலிருந்து படியேறித்தான் வர வேண்டியிருந்தது. இப்போது படியிறங்கி வர வேண்டும். வீடு நகரவில்லை. தெருதான் வளர்ந்தது. குழி விழும்போதெல்லாம் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புதிய சாலையைப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் தெரு கூடிக் கைதட்டியது. ஒவ்வொரு முறையும் கீழறை கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கியது.

ஜன்னலில் முன்பு முகங்கள் தெரிந்தன. பிறகு இடுப்புகள். இப்போது கால்கள் மட்டும். சின்னவளின் மகள் அந்தக் கால்களைப் பார்த்தே வளர்ந்தவள். தேய்ந்த குதிகால் எதிர்வீட்டு டெய்லருடையது, வெள்ளை சூ கவுன்சிலருடையது, யோசித்து யோசித்து வைக்கும் பாதம் பெரியப்பாவுடையது என்று சொல்லிவிடுவாள். ஆட்களை நேரில் பார்த்தால்தான் அவளுக்குக் குழப்பம் வரும். போன மழையில் தண்ணீர் உள்ளே வந்து பாயை மிதக்கவிட்டது. அன்று தாயும் மகளும் மேடைமேல் உட்கார்ந்தே விடிய வைத்தார்கள். மாடியில் யாரும் விழிக்கவில்லை. விழித்ததாக யாரும் சொல்லவில்லை.

இப்போது மறுபடியும் சாலை. தெருமுனையில் ஜல்லி குவிந்திருந்தது. அதன் பக்கத்தில் ரோடு ரோலர் ஒன்று, மேய்ந்துவிட்டுப் படுத்த மாட்டைப் போல அசையாமல் நின்றது. மேகம் இறங்கியிருந்ததால் காலையிலேயே சாயங்காலம் போலிருந்தது.

தெருக்காரர்கள் கெட்டவர்கள் அல்ல. குழியில் விழுந்து டெய்லரின் அப்பா காலை முறித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தார். ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. மழைக்கு முன் சாலை வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் விதி ஒன்று குறுக்கே நின்றது. சாலை மட்டத்துக்குக் கீழே ஆள் குடியிருக்கும் வீடு ஒன்று இருந்தாலும் பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதியதைப் போட வேண்டும். சுரண்டினால் வேலை மழைக்கு அப்பால் தள்ளிப்போகும். காண்டிராக்டர் வேறு தெருவுக்குப் போய்விடுவார். கீழறை வெறும் கிடங்கு என்றால் கேள்வி இல்லை. கிடங்குக்கு மூக்கு கிடையாது, மூழ்கினாலும் சாகாது.

இதைப் பேசத்தான் மொட்டை மாடியில் கூட்டம் நடந்தது. தெருச் சங்கத்தின் தலைவர் பெரியவளின் கணவர், சின்னவள் புருஷனின் அண்ணன். சண்டை வளராமல் இருக்க அவர் கொண்டுவந்த வழக்கம், வீட்டுக்கு ஒரு வாய். ஒரு வீட்டின் சார்பில் ஓர் ஆண் மட்டும் பேசலாம். ஆண் இல்லாத வீட்டுக்கு நெருங்கிய உறவின் ஆண் பேசுவார். அப்படித்தான் சின்னவளின் வாயும் புருஷன் இறந்த மாதமே மாடிக்குக் குடியேறிவிட்டது.

அன்று டீ கொடுத்துக்கொண்டிருந்த சின்னவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எங்க ரூமுக்குள்ள தண்ணி வருதுங்க," என்றாள்.

எல்லோரும் டம்ளரைப் பார்த்தார்கள். டெய்லர்தான் மெதுவாகச் சொன்னார். "உங்க வீட்டு வாய் ஏற்கெனவே பேசிடுச்சும்மா."

"என்ன பேசுச்சு?"

"ஆட்சேபணை இல்லன்னு."

தலைவர் சிரித்தார். கோபம் வந்தால் சிரிப்பது அவர் பழக்கம். "ஒரு ரூமுக்காக ஊரே பள்ளத்துல விழணுமா? சின்னவளே, உனக்குன்னு அம்மா வீடு இல்லையா? மழைக்கு முன்னாடி போய் இருந்துட்டு வா. யாரு வேண்டாம்னா?"

போனவள் திரும்பி வர முடியாது என்பது மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கிடங்கு என்று ஒருமுறை எழுதிவிட்டால், கிடங்கில் குடியிருக்க வந்து நிற்பவளுக்கு என்ன பெயர் இருக்கிறது? அந்த வீட்டில் பாதியைத் தன் கையால் செங்கல் தூக்கிக் கட்டியவன் அவள் புருஷன். அதையும் எல்லோரும் அறிவார்கள். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

உலை கொதித்தது. சின்னவள் அரிசியைக் குக்கரில் போட்டு மூடினாள். கறி இன்னொரு அடுப்பில் கூடி வந்துகொண்டிருந்தது. மகள் ஜன்னலடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, வெள்ளை சூ."

"இந்நேரத்துலயா? நல்லாப் பாரு."

"வெள்ளை சூதான். பக்கத்துல ஒரு கறுப்பு சூ, புதுசு. இல்ல, பழசு, பாலீஷ் போட்டது. பின்னாடி நிறையக் கால்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, தலைவர் படியிறங்கி உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது.

"மழை வருதுன்னு முன்னாடியே வந்துட்டாங்க. வெளிய போக நேரமில்ல. பேசாம இருங்க."

"அத்தான், அடுப்புல..."

"சத்தம் வரக்கூடாது. உன் புள்ள மேல ஆணை."

மேடையிலிருந்த பூட்டை எடுத்தார், விளக்கை அணைத்தார், கதவைச் சாத்தினார். வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டது. பிறகு சாவி சில்லறையோடு உரசி விழும் சின்னச் சத்தம். இருட்டில் அடுப்பின் நீலச் சுடர் மட்டும் எரிந்தது.

அவசரத்தில் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. இத்தனை வருஷமாக அந்த வீட்டின் சாப்பாடு எந்த அடுப்பில் வேகிறது என்று அவர் யோசித்துப் பார்த்ததே இல்லை. தட்டில் விழும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

கால்கள் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றன.

"இது என்ன ரூமு? ரொம்பக் கீழ இருக்கே," என்றது கறுப்பு சூ. வெகுகாலம் உத்தியோகத்தில் இருந்து, இனி எந்த வம்பும் வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்ட ஒரு குரல். அவர்தான் இன்ஜினியர்.

"கிடங்கு சார். பழைய தட்டுமுட்டுச் சாமான்," என்றார் தலைவர்.

"ஆள் யாரும் இல்லையே?"

"ஆளா? எலி இருந்தா உண்டு."

"எலிக்கு ஓட்டு இல்ல சார், எழுதுங்க," என்றார் கவுன்சிலர். தெரு சிரித்தது. டெய்லரின் சிரிப்பும் அதில் இருந்தது. மகள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ அல்ல, சும்மா ஒரு நாள், மிச்சத் துணியில் அவளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவர் அவர்.

அப்போது குக்கர் விசிலடித்தது.

இருட்டில் அது ரயில் போலக் கத்தியது. சின்னவளே திடுக்கிட்டாள். வெளியே எல்லாக் கால்களும் அப்படியே நின்றன.

"என்னங்க அது?"

"எங்க வீட்டுக் குக்கர் சார்," என்றார் டெய்லர், சட்டென்று. "எதிர்வீடு. தெரு குறுகல் பாருங்க, சத்தம் சுத்தி வரும்."

எதிர்வாசலிலிருந்து அவர் மனைவி, விஷயம் புரியாமல், குரல் கொடுத்தாள். "நம்ம வீட்டுல இன்னும் அரிசியே களையலயே! ஏன் இப்படிப் பொய் சொல்றீங்க?"

"நீ உள்ள போடி!"

சின்னவளின் கை அடுப்பின் திருகில் இருந்தது. ஒரு திருப்புத் திருப்பினால் போதும். சுடர் அணைந்துவிடும், சத்தம் அடங்கிவிடும், கால்கள் போய்விடும். பிறகு ரோலர் வரும். ஜன்னலின் பாதி மூடும். மழை வரும். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீல வெளிச்சத்தில் அந்தக் கண்கள் மட்டும் தெரிந்தன.

"அம்மா," என்றாள் அவள், மூச்சுக்குள்ளேயே. "நாம எலியா?"

சின்னவள் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

இரண்டாவது விசில் முதலாவதைவிட நீளமாக வந்தது. பின்னாலேயே வெந்த சோற்றின் மணமும் கறியின் மணமும் ஜன்னல் வழியாக ஏறித் தெருவுக்குப் போயின. இன்ஜினியர் எழுதிக்கொண்டிருந்தார். காதில் விழுவதை விழாததாக்கிக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை. மூக்குக்கு அந்தப் பயிற்சி இல்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பிய மனிதர் அவர்.

"முடிஞ்சுதா சார்?" என்று அவசரப்படுத்தினார் கவுன்சிலர். "தூறல் போடுது."

"முடிஞ்சுது. கிடங்குன்னு போட்டாச்சு." பேனாவை மூடினார். "சாப்பாடு இங்கதான்னு சொன்னாங்களே?"

தலைவருக்கு உயிர் திரும்பியது. "மேல வாங்க சார், எல்லாம் தயாரா இருக்கு." அண்ணாந்து மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இலை... தட்டெல்லாம் எடுத்து வை, சார் வராங்க!"

பெரியவள் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் பளபளவென்ற அடுப்பு, காலிப் பாத்திரங்கள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். கீழே தொங்கும் பூட்டைப் பார்த்தாள். அதைக் காலையில் கொண்டுபோய் வைத்தவள் அவள்தான்.

"மேல ஒண்ணும் இல்லைங்க," என்றாள்.

"என்னது?"

"சாப்பாடு கிடங்குல இருக்கு."

தெருவில் யாரும் சிரிக்கவில்லை. தூறல் மட்டும் சாலையில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

இன்ஜினியர் பூட்டைப் பார்த்தார். பிறகு, முழங்கால் வலிக்கும் மனிதர்கள் செய்வதுபோல ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மெதுவாகக் குந்தினார். அந்த ஜன்னலில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு முகம் தெரிந்தது. மகள் பயந்து பின்னால் நகர்ந்தாள். அவளுக்குக் காலாக மட்டும் தெரிந்த ஒருவருக்கு நரைத்த புருவமும் ஈரமான கண்ணாடியும் இருந்தன.

இருட்டு கண்ணுக்குப் பழகும்வரை அவர் பார்த்தார். சுருட்டி வைத்த பாய், கொடியில் பள்ளிக்கூடச் சட்டை, சுவரில் தண்ணீர் நின்ற கறை, அதற்கு மேலே எட்டாத உயரத்தில் அடுக்கிய புத்தகங்கள்.

"சாவி எங்க?" என்றார், எழாமலே.

"அது... எங்கயோ வெச்சுட்டேன் சார். தேடித்தான் பார்க்கணும்," என்றார் தலைவர்.

உள்ளேயிருந்து சின்னவளின் குரல் வந்தது. உரக்கப் பேசவில்லை. மாடியில் டீத் தட்டோடு பேசிய அதே குரல்.

"அத்தான் சட்டைப் பையில இருக்கு சார். சில்லறையோட கிடக்கு. போட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

தலைவர் சிரித்தார். பிறகு சாவியை எடுத்தார். பூட்டின் துளை அவருக்கு உடனே அகப்படவில்லை.

கதவு திறந்தபோது சின்னவள் கையில் கரண்டியோடு நின்றாள். தெருவே படிக்கு மேலே நின்று அவளைக் கீழே பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

"சாப்பிட வாங்க சார். சோறு இப்பதான் இறக்கினேன். குனிஞ்சு வாங்க, வாசல் தாழ்ந்துபோச்சு."

"சார், அதுக்குள்ள எதுக்கு? மழை வலுக்குது," என்று கவுன்சிலர் அவர் முழங்கையைத் தொட்டார். "எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். ஊருக்கு ரோடு வேணும்."

மழை நிஜமாகவே வலுத்துவிட்டது. தெருவில் விழுந்த தண்ணீர் போக்கிடம் தேடி, இன்ஜினியரின் சூவைச் சுற்றிக்கொண்டு, அவருக்கு முன்னாலேயே படியிறங்கி உள்ளே போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிடங்குக்குள் நுழைகிறவர் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

அவர் குனிந்து சூவின் நாடாவை அவிழ்த்தார்.