பொரியின் எடைத் திருத்தம்

இது பொரியின் தொண்டையில் சிக்கும். நிச்சயம் சிக்கும்.

தமயந்தி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நாய்ப்பல் நல அலுவலகத்தில் தொண்டையைப் பற்றிப் பேச வேண்டுமானால் மேல்மாடிக்குப் போக வேண்டும். அந்த மாடியை இன்னும் கட்டவில்லை.

பொரி அவள் மடியில் இருந்தது. வெள்ளை நாய், ஆறு கிலோ. அதற்கான இன்றைய டென்டல் ஸ்டிக், பல் சுத்தமாக மெல்லும் குச்சி, மேசைமேல் இருந்தது. ஊரிலுள்ள நாய்களெல்லாம் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒன்று மென்றாக வேண்டும். பொரிக்கு வந்தது அவள் கட்டைவிரலைவிடத் தடிமன். உறையில் ‘இருபத்தைந்து கிலோ நாய்க்கு’ என்று போட்டிருந்தது.

அதிகாரி குணசீலன் உறையை இரண்டு முறை படித்தார். தவறு நடந்திருப்பதை உடனே ஒப்புக்கொண்டார். தமயந்திக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் எடைத் திருத்தப் படிவத்தை எடுத்து நீட்டினார். குச்சியை மாற்றத் தலைமை அலுவலகத்தின் உத்தரவு வேண்டுமாம். நாயை மாற்ற அவள் கையெழுத்தே போதுமாம்.

“குச்சி பாதுகாப்பானதுதாம்மா. சோதிச்சுப் பாத்தாச்சு. உங்க நாய்தான் பாதுகாப்பில்லாம இருக்கு.”

மீதிப் பத்தொன்பது கிலோ எங்கிருந்து வரும் என்று கேட்டாள். வீட்டில் யாரிடமிருந்தாவது எடுத்துக்கொள்வார்கள் என்றார். வழக்கமாகப் பெண்கள்தான் தருகிறார்களாம்.

தமயந்தி யோசித்தாள். தரலாம். கல்யாணத்துக்கு, மாமனாருக்கு, வாடகை வீட்டின் குறுகலான கதவுக்கு என்று அவள் குறைந்து பழகியவள்தான். இன்னும் பத்தொன்பது போனாலும் நிற்க ஆள் மிச்சமிருக்கும்.

பொரியின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். தொண்டை அந்த விரலுக்கே சரியாக இருந்தது. அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

பக்கத்து நாற்காலியில் அதே குடியிருப்பில் வசிக்கும் பிரேமலதா. போன மாதமே கையெழுத்துப் போட்டவள். அவளுடைய நாய் முன்போலவே முயல் அளவில் இருந்தது. அதன் அடியில் மட்டும் தரை விரிசல் விட்டிருந்தது. எப்படி இருக்கிறான் என்று தமயந்தி விசாரித்தாள்.

“பல்லப் பாருங்க, முத்து மாதிரி. மூச்சுதான் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் விடறான்.”

அன்று புதன்.

சுவர்க் கடிகாரம் ஒன்பதில் நின்றது. பொரி மெல்லும்வரை ஊரில் யாருக்கும் ஒன்பது மணி ஒரு நிமிடம் ஆகாது. தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. அதன் கடைசியில் ஒரு பள்ளிப் பேருந்து புறப்பட முடியாமல் உறுமியது. வரிசையில் நின்ற முந்நூறு பேரும் அவள் கையையே பார்த்தார்கள். இந்தம்மாவால் தன் வீட்டு இட்லி வேகவும் மாட்டேன் என்கிறது, ஆறவும் மாட்டேன் என்கிறது என்று ஒருவர் முணுமுணுத்தார்.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று தமயந்தி கேட்டாள். சிக்காது என்றார் குணசீலன். சிக்கினால் அது இருபத்தைந்து கிலோ நாயே அல்ல, ஆகவே அந்தச் சாவு அலுவலகத்தைச் சேராது.

பேனாவைத் திறந்து அவளிடம் கொடுத்தார். அவள் எழுதவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். கையெழுத்துகூட வேண்டாம் என்றார்.

“வாய மட்டும் திறந்து பிடிங்கம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்.”

தமயந்தி பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தாள்.

“மாட்டேன் சார்,” என்றாள். அது அவருக்கு மட்டும்தான் கேட்டது.

பொரி கொட்டாவி விடப் பார்த்தது. அதன் தாடையை இரண்டு கைகளாலும் மெதுவாக மூடிப் பிடித்துக்கொண்டாள்.