இரண்டு பேர் ஊரின் பனிப்புயல் மணி

1

இந்தக் கதை ஒரு பதிலில் பிறந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க, பிரான்சின் லோசேர் மலைமேல் போயிருந்தேன். இரண்டே வீடுள்ள ஊர். ஆடு வளர்க்கும் உர்சூலிடம் கேட்டேன், ஊரில் எத்தனை பேர் என்று.

“நான் ஒருத்திதான்.”

“எதிர்வீட்டுல புகை வருதே?”

“அந்த லியோன்ஸா? அவனையெல்லாம் ஆளுன்னு எண்ண வந்துட்டீங்களா தம்பி? வேணும்னா அவன் மாடுங்களோட சேர்த்து எழுதிக்குங்க.”

ஊற்றுத் தண்ணீர்ச் சண்டை. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடமாகிறது.

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: ‘பிரான்சிலேயே மக்கள் மிகக் குறைந்த மாவட்டம் லோசேர். கருங்கல் மலைகள், சுண்ணாம்புப் பீடபூமிகள், சதுர கிலோமீட்டருக்குச் சுமார் பதினைந்து பேர்...’ வேண்டாம், பள்ளிப் பாடம் மாதிரி இருக்கிறது. [அந்தப் பதினைந்து பேரை உர்சூலின் மலையில் தேடிப் பிடிக்கவே ஒரு நாள் நடக்க வேண்டும்.]

இரண்டாவது: ‘மதியம் காற்று திரும்பியதும் உர்சூல்...’ இது பரவாயில்லை.

3

மதியம் காற்று திரும்பியதும் உர்சூல் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தாள். புகை இல்லை. லியோன்ஸ் கீழூருக்குச் சீட்டாடப் போனவன் திரும்பவில்லை. பனி சுழன்றடித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் வீடும் மறைந்தது.

“வானத்தைப் பார்க்கத் தெரியாதவனுக்குச் சீட்டு ஒரு கேடு!” என்று திட்டிக்கொண்டே மணிக்கூண்டுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

(அடிக்குறிப்பு: இங்கே பனிப்புயலில் கண் உதவாது, காதுதான் வழிகாட்டி. கடைசி ஆள் வீடு சேரும்வரை மணி அடிக்க வேண்டும். வந்தவர் ‘வந்தாச்சு’ என்று குரல் கொடுக்க வேண்டும். பகையாளிக்கும் இதுதான் வழக்கம். இந்த மனிதர்கள்மேல் எனக்குள்ள மரியாதை எல்லாம் இங்கேதான் தொடங்கியது.)

உள்ளங்கைத் தோல் உரிந்தது. “வந்து தொலைடா!” என்று கத்தியபடி இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் திட்டு தீர்ந்துபோய், அழுகை மட்டும் மிஞ்சியது.

4

லியோன்ஸைச் சாகடிக்கலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை. ஊரில் பாதி காலியாகிவிடும்.

எனவே மணியோசையைப் பிடித்துக்கொண்டே அவன் வீடு சேர்ந்தான். அடுப்பை மூட்டினான். குரல் மட்டும் கொடுக்கவில்லை. ‘அவகிட்ட நான் பேசறதா? புகையைப் பார்த்துக்குவா’ என்று இருந்துவிட்டான். அந்தப் பனியில் புகை எங்கே தெரியும்?

மணி நிற்கவில்லை. ‘இன்னும் யாருக்கு அடிக்கிறா இவ?’ ஊரில் வேறு ஆளே இல்லை என்பது உறைத்தபோது, சூப்புக் கிண்ணம் வாய்வரை போகாமல் நின்றது.

5

அவன் ஓடிப்போய் நன்றி சொல்கிற முடிவை வெட்டிவிட்டேன். இந்த மலையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இன்னொரு முடிவு, அவன் மணிக்கூண்டுக்கே போகிறான்:

“நான் வந்து ரொம்ப நேரமாச்சு.”

“அதைச் சொல்ல வாயில்லையா உனக்கு?”

“பேசக்கூடாதுன்னு நீதானே சொன்ன?”

எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் லியோன்ஸ் இன்னும் தன் வீட்டுத் தாழ்ப்பாளில் கைவைத்தபடி நிற்கிறான். எழுதித் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. அங்கே உர்சூலின் கை ஓய்ந்துகொண்டு வருகிறது, ஆனாலும் விடமாட்டாள்.

இப்போது இந்த ஊரில் மூன்றாவதாக இருப்பவர் நீங்கள்தான். ஒரு குரல் கொடுங்களேன், அவன் வந்தாச்சு என்று.