விமலா என்ற பெயரில் இரண்டு பேர்

மூன்றாவது தடவையாகவும் கிளிநொச்சி பஸ்லியாவை வெளியே தள்ளிவிட்டது. அங்குள்ள கணினியின் அட்டவணை அவளுடைய திரையில் விரிந்து, இரண்டு குடியேற்றங்களின் பெயரை அவள் வாசிப்பதற்குள் ஒரு சின்னப் பெட்டி எழும்பி வந்தது: வேறொருவர் உள்ளே வந்துவிட்டார், உங்கள் தொடர்பு துண்டிக்கப்பட்டது. பெட்டியை மூடினால் வவுனியா அலுவலகத்தின் வெறும் நீலத் திரைதான்.

வாசலில் விதைநெல் ஏற்றிய இரண்டு லொறிகள் நின்றன. 2005 ஐப்பசி. இரணைமடுக் குளத்துப் பக்கம் இரண்டு மழை பெய்து, உழுத வயல்கள் விதைக்குக் காத்துக்கிடந்தன. எந்தக் குடியேற்றத்துக்கு எத்தனை புசல் நெல் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் புலிகளின் பகுதிக்குள் போக அனுமதி கிடைக்கும். அந்தக் கணக்கு கிளிநொச்சி அலுவலகத்தில் இருந்தது. போன போகம் வரைக்கும் அதை எடுத்துவர பஸ்லியாதான் பஸ் ஏறினாள். ஓமந்தையில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நடந்து, மறுபடி ஏறிப் போய், அடுத்த நாள் திரும்பி வருவாள்.

போன கிழமை கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் அந்தப் பயணத்துக்கு முடிவு கட்டியிருந்தார். இங்கிருந்தே கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கணினிகளுக்குள் போகலாம் என்று ஒருமுறை போய்க் காட்டி, பெயரையும் கடவுச்சொல்லையும் சேமித்துவிட்டுப் போனார். பிறகு பஸ்லியா திரையில் இருந்த சின்னப் படத்தில் இரண்டு தரம் தட்டினால் போதும். எதுவும் கேட்காமல் கிளிநொச்சி திறந்துகொள்ளும். அந்த அதிசயத்தை அவள் வீட்டில் வாப்பாவுக்கு இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அலுவலகப் பொறுப்பாளர் செல்வநாயகம் வாசலுக்கும் அவளுடைய மேசைக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார். கிளிநொச்சிக்குப் போன் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அங்கே போன் வேறு கட்டடத்தில் இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"பிள்ளை, மூண்டு மணிக்குப் பிறகு அனுமதியில கையெழுத்து வைக்கமாட்டாங்கள்" என்றார்.

நான்காவது தடவை உள்ளே போனபோது பஸ்லியா அட்டவணையைப் பார்க்கவில்லை. எந்தப் பெயரில் நுழைந்திருக்கிறோம் என்று பார்த்தாள். விமலா என்றிருந்தது. பார்த்த மாத்திரத்தில் திரும்பவும் வெளியே தள்ளப்பட்டாள். ஆனால் இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விமலா என்றால் விமலேஸ்வரி. கிளிநொச்சி அலுவலகத்தில் கணக்குகளைக் கணினியில் ஏற்றுகிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுவின் கீழ் வயல் செய்யும் குடும்பம். பஸ்லியா போய்வந்த நாள்களில் எல்லாம் அவர் லீவில் நின்றதால் போனில் கேட்ட குரலை மட்டும்தான் தெரியும். பொறியியலாளர் அவருடைய பெயரைப் போட்டுப் பரீட்சித்துவிட்டு அதையே சேமித்திருக்கிறார். ஒரு பெயரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். இவள் ஒவ்வொரு தடவை தட்டும்போதும் அங்கே கணக்கு அடித்துக்கொண்டிருந்த விமலேஸ்வரி வெளியே விழுந்திருக்கிறார். அவர் கோபத்தோடு திரும்பி நுழைய, இங்கே இவள் விழுந்திருக்கிறாள். ஒரே கதிரையில் இரண்டு விமலாக்கள் மாறி மாறி ஏறியிருக்கிறார்கள்.

திரும்பவும் நுழைந்தாள். எழுதுவதற்கான வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, தமிழை ஆங்கில எழுத்தில் விரல்கள் தடுமாற அடித்தாள்: "நான் பஸ்லியா, வவுனியாவிலயிருந்து. விமலேஸ்வரி அக்காவோ? உங்களத் தள்ளினது நான்தான்." அடித்துவிட்டுத் தானாகவே தொடர்பைத் துண்டித்துக்கொண்டு வெளியே வந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். செல்வநாயகம் நடப்பதை நிறுத்திவிட்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் தட்டினாள். பக்கம் அப்படியே திறந்திருந்தது. கீழே புதிய வரிகள்.

"ஓம் பிள்ளை, நான்தான். கள்ளன் பூந்திட்டான் எண்டு வயரைப் புடுங்கப் போனனான். இன்னும் நாலு குடியேற்றம் அடிக்கக் கிடக்கு. நீ வந்தால் நான் விழுந்திடுவன். என்ன செய்யிறது?"

செல்வநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்துப் பஸ்லியா இதற்கு முன்பு கண்டதில்லை.

"அக்கா, நீங்க இருங்கோ. நான் என்ட பேரில வாறன்" என்று அடித்துவிட்டு வெளியேறினாள்.

அவளுக்கென்றும் ஒரு பெயரைப் பொறியியலாளர் உண்டாக்கிக் கொடுத்திருந்தார். கேட்காமலே கதவு திறந்ததால் அது தேவைப்பட்டதேயில்லை. பெயர் கேட்கும் இடத்தில் விமலாவை அழித்து, தன் பெயரை எழுதி, கடவுச்சொல்லை அடித்தாள். முதல்தரம் பிழைத்தது. இரண்டாம்தரம் கிளிநொச்சி திறந்தது, யாரும் தொடாத புதுத் திரையாக. தள்ளும் பெட்டி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. எல்லோருக்கும் பொதுவான இடத்தில் கிடந்த அட்டவணையைத் திறந்தாள். மூடி மறுபடி திறந்தபோது இன்னொரு குடியேற்றம் நிரம்பியிருந்தது. அந்தப் பக்கத்தில் விமலேஸ்வரி அடிக்க, இந்தப் பக்கத்தில் இவளுக்கு அது வந்துகொண்டிருந்தது. இடையில் ஓமந்தை இருந்ததாகவே தெரியவில்லை.

கடைசிக் குடியேற்றத்தோடு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பும் முளைத்தது. "நீ இப்ப உள்ளுக்க நிக்கிறியோ? எனக்கொண்டும் தெரியேல்லை."

பஸ்லியா அதன் கீழே எழுதினாள்: "நிக்கிறன் அக்கா. உங்களுக்குப் பக்கத்திலதான்."

அச்சான தாள் சூடு ஆறுவதற்குள் செல்வநாயகம் அதைப் பறித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். கையெழுத்தோடு அவர் திரும்பியதும் லொறிகள் உறுமிப் புறப்பட்டன. சாரதி ஒருவன் யன்னலால் கையை நீட்டி ஆட்டினான்.

அலுவலகம் அடங்கியது. பஸ்லியா எழுந்து போகவில்லை. விமலாவின் பெயரில் சேமித்திருந்ததை அழித்தாள். கிளிநொச்சிக்குத் தன் பெயரில் ஒன்று, முல்லைத்தீவுக்குத் தன் பெயரில் ஒன்று என்று தனித்தனியாகச் சேமித்து, எது எந்த ஊர், யாருடைய பெயர் என்று தெரியும்படி பெயரிட்டாள். இரண்டும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முல்லைத்தீவில் வேலை எதுவும் இருக்கவில்லை. என்றாலும் அதைத் தட்டினாள்.

அந்தக் கடலோர ஊரில்தான் அவள் பிறந்திருந்தாள். முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றிய தொண்ணூறில், ஐந்து வயதில், வாப்பாவின் தோளில் அமர்ந்து வெளியேறியவளுக்கு அங்கே ஒரு தெருவும் ஞாபகமில்லை. வேலைக்கென்றும் அந்தப் பக்கம் போனதில்லை. அலுவலகக் கோப்புகளுக்கிடையில், களஞ்சியம் கட்டப் பார்த்திருந்த இடத்தின் படங்கள் கிடந்தன. ஒன்றைத் திறந்தாள்.

தொலைபேசி வயரின் வழியாக அது மெல்ல மெல்லத்தான் வந்தது. மேல் விளிம்பில் ஒரு நீலக் கீற்று. அதன் கீழே இன்னொன்று. பஸ்லியா கதிரையை இழுத்துத் திரைக்கு நெருங்கினாள். நீலம் கீற்றுக் கீற்றாக இறங்கிக்கொண்டேயிருந்தது. அதில் எதுவரை வானம், எங்கிருந்து கடல் என்று இன்னும் தெரியவில்லை.