காலையில் ஒரே ஒரு தடவை

சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் கரகரவென்று சுற்றியது, இன்ஜின் இரண்டு தடவை இருமியது, அடங்கிவிட்டது. நான்கு நாளாக இதே கூத்து. பக்கத்து சீட்டில் கிடந்த போன் விடாமல் அடித்தது. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோயிருந்தது. உள்ளே ஒரு பெண்மணி தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். அவரை வெளியே எடுக்க வேண்டிய லிஃப்ட் மெக்கானிக்கான அவள் இன்னும் தன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

"வந்துட்டே இருக்கேன் சார்" என்று போனில் கூசாமல் பொய் சொன்னாள். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினாள். கைதான் வலித்தது.

டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தபோது ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தது. உள்ளே இருந்தவர் திட்டவில்லை. "வந்துட்டியாம்மா" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படிக்கட்டில் இறங்கிப் போனார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. சூப்பர்வைசர் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் அவசர அழைப்புகள் வேறு ஆளுக்குப் போகும், நீ பழையபடி குடோனில் உட்கார்ந்து உதிரிபாகம் எண்ணலாம் என்றார். அந்தக் குடோனிலிருந்து வெளியே வர அவள் ஆறு வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். ஒரு பொம்பளை ராத்திரியும் விடியற்காலையும் எப்படி ஓடுவாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொந்தமாகக் கார் இருக்கிறது என்று பதில் சொல்லித்தான் அந்த வேலையை வாங்கினாள்.

அந்தக் கார்தான் இப்படிக் கழுத்தறுத்தது. கார் மேல் பிழையில்லை. இருபத்தாறு வயசு, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நடுரோட்டில் நின்றதில்லை. போன மாதம் அதன் இன்ஜின் கம்ப்யூட்டர் எரிந்துபோனது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எப்போது தீப்பொறி விட வேண்டும் என்று இன்ஜினுக்குச் சொல்கிற சின்னப் பெட்டி அது. கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிவிட்டது. லிஃப்ட் போர்டுகளை நோண்டிப் பழகிய கையால் இரண்டு தடவை அவளே பற்றவைத்துச் சரிசெய்தாள். மூன்றாவது தடவை போர்டே கருகிவிட்டது. இனி வேறு கம்பெனி செய்கிற பெட்டிதான் கதி. அதற்குள் நிரம்ப வேண்டிய எண்களை நாமே லேப்டாப்பில் எழுதிக்கொள்ளலாம். அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

மூன்று வாரம் உட்கார்ந்து படித்தாள். எந்தப் பெட்டி பழைய சென்சார்களோடு ஒத்துப்போகும், எதற்குப் புது வயரிங் வேண்டும், எது மழைத் தண்ணீரைத் தாங்கும் என்று ஒரு முழுத்தாளில் எழுதினாள். முதல் வரியை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தாள்: "பாஸ்வேர்ட் பூட்டு இருக்கக் கூடாது. நானே திறந்து மாற்ற முடிய வேண்டும்." ஆறு பெட்டிகளில் ஐந்தை அடித்துவிட்டு ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டாள். அப்புறம் ஆபீஸ் வேலையாக ஐந்து நாள் வெளியூர் போனாள்.

திரும்பி வந்தபோது கார் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. கணவன் வாயெல்லாம் பல்லாக நின்றான். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவன். கடையில் அவனைப் போலப் பொறுமைசாலி கிடையாது. அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ரேஸ் கார்களுக்கு டியூனிங் செய்கிறவன். அவனிடம் விட்டு, புதுப்பெட்டி வைத்து, ஓட்டிப் பார்த்து, எல்லாம் முடித்தாகிவிட்டது. வட்டம் போட்ட பெட்டி அல்ல, வேறொன்று. அன்றைக்கு மத்தியான வெயிலில் கார் வெண்ணெய் போல ஓடியது. அவளும் மனசைத் தேற்றிக்கொண்டு தேங்க்ஸ் சொன்னாள். அந்த தேங்க்ஸை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும் காரில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தாள். திரையில் ஒரே ஒரு கட்டம். பாஸ்வேர்ட் கேட்டது. டியூனருக்குப் போன் போட்டாள்.

"அதெல்லாம் எல்லா கஸ்டமருக்கும் லாக் பண்ணித்தான் மேடம் குடுப்போம். தெரியாத்தனமா ஏதாவது அமுக்கிட்டீங்கன்னா இன்ஜின் போயிடும். காரைக் கொண்டாந்து விடுங்க, பாத்துடலாம்."

"உங்க ஷெட்டுக்கு வந்து சேரும்போது இன்ஜின் சூடாயிடும் சார். சூடா இருக்கும்போது ஒழுங்காத்தான் ஓடுது. ராத்திரி பூரா நின்னு, காலைல முதல் தடவை எடுக்கும்போதுதான் நிக்குது. அப்ப எவ்வளவு பெட்ரோல் போகணும்ங்கிற எண்ணை மட்டும் மாத்தணும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் பாக்க முடியும். பத்துப் பன்னெண்டு நாள் ஆகும். காரை வச்சிருக்கிறவங்கதான் அதைச் செய்யணும்."

டியூனர் ரொம்பப் பணிவாக, "சார் இருந்தா லைன்ல குடுங்க மேடம்" என்றான்.

அவள் போனை வைத்துவிட்டாள். காது மடல் சுட்டது. கார் அவளுடையது, மூன்று வாரம் படித்துப் படித்துக் கண் பூத்தது அவளுக்கு, குடோனுக்குப் போகப்போவதும் அவள். பேச மட்டும் சார் வேண்டும். அந்த சாருக்கு பானட்டை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூடத் தெரியாது.

சார் அதற்குள் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். அவள் முகத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

"நான் எழுதி வச்ச பேப்பர் எங்க?"

"அவன்கிட்டதான்மா குடுத்தேன். நான் ஒண்ணும் மறைக்கலயே."

"படிச்சாரா?"

"படிச்சான். படிச்சுட்டு…" அவன் ஹெல்மெட் வாரை அவிழ்ப்பதில் மும்முரமானான். "அவன் ஒரு மாதிரி ஆளு, உனக்குத் தெரியாததா. நெட்ல பாத்துட்டு எழுதியிருக்காங்கன்னு சிரிச்சான்."

"நீங்க?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் சீட்டில் வைத்தான்.

"நீங்களும் சிரிச்சீங்களா?"

"அவன் சிரிச்சானேன்னு சும்மா… அதுல ஒண்ணும் இல்லம்மா."

அவ்வளவுதான். அதுவரை டியூனர் மேல் இருந்த கோபம் முழுசும் இடம் மாறிவிட்டது. மூன்று வாரம் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து பார்த்தவன் இவன். இரண்டு கோடு போட்ட வரியைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவன் போலச் சிரித்திருக்கிறான். அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவன் கேட்டுக்கொள்வான், மன்னிப்புக் கேட்பான், காபி போட்டுக் கொடுப்பான், அதோடு விஷயம் முடிந்துவிடும். அப்படி முடிவதில் அவளுக்கு இஷ்டமில்லை.

லேப்டாப் பக்கம் திரும்பினாள். பாஸ்வேர்ட் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. பெட்டியின் கையேட்டிலேயே போட்டிருந்தது. உள்ளே இருப்பதையெல்லாம் அழித்தால் பூட்டும் சேர்ந்து போய்விடும். டியூனர் எழுதிய அத்தனை எண்ணும் போகும். பெட்டியோடு வந்த பொது எண்களை ஏற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் பதறினான். "ஏய், அழிக்கப் போறியா? இப்ப மத்தியானமாவது ஓடுது. நாலு நாள் ராப்பகலா உக்காந்து பண்ணான்மா. நான் எப்படி அவன் மூஞ்சில முழிப்பேன்?"

"அது உங்க பாடு" என்றாள். 'ஆம்' என்ற இடத்தில் அமுக்கினாள்.

மறுநாள் விடிந்ததும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்தது. மூன்று விநாடி, நான்கு விநாடி உடம்பை உதறிக்கொண்டு ஓடியது. கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. பெட்ரோல் வாடை காருக்குள் வந்தது. கொஞ்சம் அதிகமாகப் போயிருக்கிறது. இன்னொரு தடவை திருப்பிப் பார்க்கலாம். ஆனால் உள்ளே ஏற்கெனவே நனைந்திருக்கிற பெட்ரோலும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். எண்ணை ஒரு படி குறைத்துச் சேமித்தாள். இனி நாளைக்குத்தான்.

அவன் மேல் இருந்த கோபம் ஒரு இம்மியும் குறையவில்லை. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தவன் பனியனோடு வாசலுக்கு வந்து நின்றான். அவள் பானட்டைத் திறந்து, குழாய்களில் ஏதாவது கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கட்டடத்து லிஃப்ட். நல்லவேளையாக ஆள் யாரும் மாட்டவில்லை.

டூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் கையை நீட்டினாள். "ஸ்கூட்டர் சாவி."

"நான் கடைக்கு எப்படிப் போவேன்?"

நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தான்.

"நாளைக்குக் காலைல நான் எடுக்கிற வரைக்கும் யாரும் காரை ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்றாள்.

அவன் தலையாட்டினான். அவனுடைய ஹெல்மெட் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். திறந்து கிடந்த பானட்டுக்குள் அவன் குனிந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வயராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.