மோப்பத்துக்கு அகப்படாத கசிவு

எந்தச் சமையலறையில் கேஸ் கசிந்தாலும் முதலில் அவரைத்தான் அனுப்புவார்கள். வீடுகளுக்குக் குழாய் வழியாக கேஸ் கொடுக்கிற கம்பெனியில் கசிவு பார்க்கும் ஃபிட்டர் அவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எந்தக் குழாய் மூட்டில் கசிவு என்று மூக்காலேயே சொல்லிவிடுவதால், கம்பெனியில் அவருக்கு மோப்பம் என்று பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நாய்க்கு வைக்கிற பெயராச்சே என்று மனைவி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்ட மோப்பம் இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து, மற்ற ஃபிட்டர்களுக்கு நட்டும் வாஷரும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிக்னலில் வேனை நிறுத்தியவர், பச்சை விழுந்து மறுபடி சிவப்பு விழுந்த பிறகும், ஸ்டியரிங்கில் தலைவைத்துக் குறட்டை விட்டதுதான் காரணம். சூப்பர்வைசர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறது, ராத்திரி விட்ட தூக்கத்தை உடம்பு பகலில் வசூலிக்கிறது என்றார் டாக்டர். மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் சீபேப் மெஷின் ஒன்றைக் கொடுத்தார். அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் சாவி திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் ரிடையர் ஆகும்வரை வாஷர்தான்.

மெஷினோ தினமும் காலையில் திரையில் சிவப்பாக ஒரு அழுமூஞ்சியைக் காட்டியது. காற்று கசிகிறதாம். அவர் வீட்டில், அவர் மூஞ்சியிலேயே!

விடுவாரா? மூக்கில் மாட்டும் மாஸ்க்கின் பட்டையை இறுக்கினார். மறுநாள் இன்னும் இறுக்கினார். கன்னத்தில் தண்டவாளம் போட்டதுபோல் தடம் விழுந்ததே தவிர, அழுமூஞ்சி மாறவில்லை. குழாயைக் கழற்றி பக்கெட் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. காலையில் நாக்கு மட்டும் வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி இருந்தது.

"வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறீங்க. காத்தெல்லாம் அது வழியாத்தான் போகுது," என்றாள் மனைவி.

"நானா? தூங்கும்போது என் வாய் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும்."

"முழிச்சிருக்கும்போதே அது மூடி நான் பார்த்ததில்ல. தூங்கும்போதா மூடப்போகுது?"

"கசிவைப் பத்தி எனக்கே பாடமா?" என்று அவர் எகிறினார். ஆனால் இரண்டு நாளில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மனைவியின் தம்பி சலூன் வைத்திருப்பவன். கடை விடுமுறையன்று மத்தியானம் வந்தவன், விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, குழாயில கசிவு இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"சோப்பு நுரை தடவுவேன். கசியுற இடத்துல குமிழி வரும்."

"அப்புறம் என்ன? நுரை போடறது என் பொழைப்பாச்சே!"

பையிலிருந்து ஷேவிங் பிரஷ் வெளியே வந்தது. மோப்பம் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தார். மெஷின் ஓடியது. மச்சினன் மாஸ்க்கின் ஓரமெல்லாம் நுரை அப்பி, ஒரு வேகத்தில் உதட்டுக்கும் தாடைக்கும் சேர்த்துத் தீட்டிவிட்டான். எங்கேயும் குமிழி இல்லை.

"பார்த்தியா?" என்று மாஸ்க்கோடேயே மனைவியை மிரட்டினார்.

"முழிச்சிருந்தா வாய் உங்க பேச்சைக் கேக்கும். தூங்குங்க, பார்க்கலாம்."

"ரெண்டு பேர் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு நின்னுக்கிட்டுத் தூங்குன்னா, மனுஷன் எப்படித் தூங்குவா..."

வாக்கியம் முடியவில்லை. தூங்கிவிட்டார்.

விழித்தபோது மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மச்சினன் கண்ணாடியை மூக்கிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துவிட்டு போனை நீட்டினான்.

அவன் எடுத்திருந்த வீடியோவில் மாஸ்க்கைச் சுற்றிய நுரை ஆடாமல் அசையாமல் கிடந்தது. அவருடைய தாடை மெல்ல மெல்லக் கீழே நழுவியது. பூட்டுப் போட்ட வாய் ஓசையில்லாமல் திறந்தது. புஸ்ஸ்! உதட்டில் ஒரு குமிழி முளைத்து, எலுமிச்சம்பழமாகி, மாம்பழமாகி, சுற்றுகிற ஃபேனையே தன்மேல் காட்டிக்கொண்டு பெருத்து, குனிந்து பார்த்த மச்சினனின் கண்ணாடியில் வெடித்தது.

ரோஷம் வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். மோப்பமோ நுரைத்தாடியோடு கட்டிலிலிருந்து துள்ளி இறங்கினார்.

"கிடைச்சிடுச்சு! அதோ பாரு! என்ன அழகான கசிவு! இன்னொரு தடவை போடுடா!"

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு தெளிவான கசிவை அவர் பார்த்ததில்லை. சொந்த வாய் என்பதால் ஒரு தனி வாஞ்சையும் வந்துவிட்டது.

"பிளாஸ்திரி போட்டு ஒட்டிடலாமா மாமா?"

"மூக்கே அடைச்சுக் கிடக்கு. வாயையும் ஒட்டினா உங்க அக்கா கதி என்னடா?" என்றவர் சட்டென்று நின்றார். "ஆமா, மூக்கு ஏன் அடைக்குது? மெஷின் வந்தப்புறம்தானே இப்படி?"

மச்சினன் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்தக் குட்டித் தொட்டி எதுக்கு? எலும்பா காஞ்சு கிடக்கு."

"அதுல தண்ணி ஊத்தச் சொன்னாங்க. விவரம் இல்லாதவங்க. காத்துப் போற லைன்ல எவனாவது ஈரத்தை விடுவானா? துரு பிடிச்சு லைனே போயிடும். நான் தொடவே இல்ல."

"ஏங்க," என்றாள் மனைவி, மிக மெதுவாக, "உங்க மூக்கு என்ன இரும்புக் குழாயா?"

மோப்பம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். விழித்திருக்கும்போது அது மூடியதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

கிளினிக்கில் மெஷின் பார்க்கும் பெண்ணுக்குப் போன் போட்டார்கள். அவள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு ஸ்பீக்கரில் கேட்டது. "வறண்ட காத்து ராத்திரி பூரா போனா மூக்கு வீங்கி அடைச்சுக்கும் சார். அப்புறம் வாய்தான் திறக்கும். தொட்டியில காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்துங்க. பட்டையைத் தளர்த்துங்க. மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு விடுங்க. தாடை விழாம இருக்க ஒரு பட்டை தர்றேன். டாக்டரை அடுத்த வாரம் பார்த்துக்கலாம். அப்புறம் சார், மாஸ்க்கைக் கழுவிடுங்க. நுரையெல்லாம் போடக்கூடாது."

"அது ஒரே ஒரு பரிசோதனைம்மா," என்றார் அடக்கமாக.

முதல்நாள் அழுமூஞ்சியேதான். அதற்கடுத்த நாளும் அழுமூஞ்சி. தாடைப்பட்டையோடு கண்ணாடி பார்த்தபோது பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். ஆனால் மூக்கில் காற்று வழுக்கிக்கொண்டு போனது, நாக்கு நாக்காக இருந்தது. பிறகு ஒரு காலையில் கண்விழித்தால், திரையில் பச்சையாக ஒரு சிரிப்பு! அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. மச்சினனைப் போனில் எழுப்பி, "சிரிக்குதுடா, சிரிக்குது!" என்றார். யார் சிரிப்பது என்று புரியாமலே அவன் வாழ்த்துச் சொன்னான்.

சிரிப்பு நிலைத்தது. இன்னும் சில வாரம் மெஷினையும் அவரையும் சோதித்துவிட்டு டாக்டர் கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசர் தானே பக்கத்தில் உட்கார்ந்து வேனை ஓட்டச்சொல்லிப் பார்த்துவிட்டு, சாவியை அவர் கையில் வைத்து, "வீட்டுக்காரம்மாவை வேணும்னா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கு மட்டும்," என்றார்.

மனைவி முன்சீட்டில் ஏறினாள். மோப்பத்துக்கு வாய் ஓயவில்லை. கியர் எப்படி வெண்ணெயாக விழுகிறது, பகல் என்பது எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது, வாஷர்களை இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன் என்று தெருத்தெருவாக உற்சாகம் பொங்கப் பேசிக்கொண்டே போனார். "என்ன, பேச்சையே காணோம்?" என்று திரும்பினார்.

ஜன்னல் கண்ணாடியில் தலைசாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மூச்சு வருமா வருமா என்று இத்தனை காலம் பக்கத்தில் படுத்து விழித்துக்கொண்டிருந்தது யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஹாரன் பக்கம் போன கையை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் தெருவை விட்டுவிட்டு, மேடுபள்ளம் இல்லாத பெரிய சாலையாகப் பார்த்து, வண்டியை மெதுவாக விட்டார்.