எட்டு மில்லிமீட்டர்

நிவெஸ் தஸ்ஸினாரி பதினொரு வருஷமாக வரைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு இரும்பு முகத்தைத்தான்.

இத்தாலியில் பொலோஞா நகரத்துக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. தேயிலையையும் மூலிகைகளையும் பொட்டலம் போடும் இயந்திரங்கள் செய்கிறோம். ஒரே நீளத்துக்கு ஒரு பெரிய இயந்திரமாகச் செய்வதில்லை. நிரப்புவதற்கு ஒரு மாட்யூல், ஒட்டுவதற்கு ஒன்று, எடை பார்க்க ஒன்று என்று தனித்தனியாகச் செய்து, ஒரு சட்டத்தில் வரிசையாகச் சொருகிவிடுவோம். வாடிக்கையாளர் இன்று பையில் அடைப்பார், அடுத்த மாதம் அட்டைப்பெட்டி வேண்டும் என்பார். ஒன்றைக் கழற்றி உருட்டிக்கொண்டு போய்விட்டு இன்னொன்றைச் சொருகினால் போதும்.

சொருகுகிற அந்த இடம்தான் முகம். சட்டத்தில் இரண்டு எஃகு முளைகள், மாட்யூலில் அவற்றுக்கு இரண்டு துளைகள், நடுவில் மின்சாரமும் காற்றும் தகவலும் போகிற இணைப்பு. இதன் அளவுத்தாள் நிவெஸின் கையில் இருந்தது. யார் எந்த மாட்யூலை வரைந்தாலும் அந்தத் தாளுக்குக் கட்டுப்பட்டுத்தான் வரைய வேண்டும். அவள் ஒரு அளவை மாற்றினால் தொழிற்சாலை முழுவதும் மாற வேண்டும். ஆனால் அவள் மாற்றமாட்டாள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினாலே அதிகம். அப்போதும் சம்பந்தப்பட்டவர்களுக்கெல்லாம் முன்கூட்டி ஃபோன் பண்ணிவிடுவாள்.

நான் ஒரியானோ. அங்கே ஃபிட்டர். நிவெஸும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இதில் பாதி என் கண்ணால் பார்த்தது. மீதி அவளே பிறகு என்னிடம் சொன்னது.

எர்மெஸ் குவாலாந்தி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. முப்பத்துமூன்று வயது, இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோல் புரோகிராம் எழுதுகிறவன். அவன் ஒரு நிரப்பும் மாட்யூல் செய்தான். அதைச் சட்டத்தில் சொருகிய நிமிஷமே, "நான் நிரப்புகிறவன், நிமிஷத்துக்கு இத்தனை பை, என் பெல்ட் இந்த உயரம்" என்று அதுவே வரிசைக்குத் தெரிவிக்கும். மற்ற மாட்யூல்கள் அதற்கேற்பத் தங்கள் வேகத்தை மாற்றிக்கொள்ளும். முன்பெல்லாம் எலக்ட்ரீஷியன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருப்பான். இப்போது இருபது நிமிஷம்.

முதலாளி லெயார்கோ பெர்கோன்ஸோனிக்குத் தலைகால் புரியவில்லை. அவரை நாங்கள் இஞ்ஜினியர் என்று கூப்பிடுவோம். அவர் வாயைத் திறந்தால் எர்மெஸ்தான். கண்காட்சிக்காக ஒரு விளம்பரப் புத்தகம் அச்சடித்தார்கள். அட்டையில் எர்மெஸ் தன் மாட்யூல் மேல் கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். படத்தின் இடது ஓரம் சரியாக அந்த இரும்பு முகம் ஆரம்பிக்கிற இடத்தில் வெட்டப்பட்டிருந்தது. நிவெஸ் ஸ்கேல் வைத்தே அளந்திருக்கிறாள். எர்மெஸுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர். அவள் வரைந்த முகம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

ஒரு வியாழக்கிழமை கேன்டீனில் தல்யாதெல்லே என்கிற நாடாப் பாஸ்தா போட்டிருந்தார்கள். இஞ்ஜினியர் தட்டோடு எங்கள் மேஜைக்கே வந்து உட்கார்ந்தார்.

"எர்மெஸ் கை வச்சா இரும்புகூடப் பேசுதப்பா!"

நிவெஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "பேசுறதுக்கு முன்னாடி அது நிக்கணுமே, இஞ்ஜினியர். எதுமேல நிக்குது?"

"அடப் போ நிவெஸ், அதெல்லாம் இருக்கத்தானே செய்யும். கதவுன்னா கீல் இருக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். எர்மெஸ் மட்டும் சிரிக்காமல், "அந்தக் கீல் இல்லேன்னா என் கதவு வாசல்லயே விழுந்து கிடக்கும்" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. அவன் ஒரு மோசமான ஆளாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று முதல் அவன் செய்வதெல்லாம் அவள் கண்ணில் பட்டது. இஞ்ஜினியர் அவனுக்குக் காபி வாங்கிக் கொடுப்பது. வாடிக்கையாளர்கள் வந்தால் முதலில் அவன் மேஜைக்குப் போவது. அவன் காலையில் உள்ளே வரும்போது பாட்டை முணுமுணுப்பதுகூட. "அவன் சந்தோஷமா இருக்கிறதுதான் தாங்கலை" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

அளவுத்தாளில் ஒரு சின்னக் குறை ரொம்ப நாளாகவே இருந்தது. நடு இணைப்பிலிருந்து வரும் தடித்த கேபிள் ஒரு முளையின் அடியில் ரொம்ப நெருக்கமாக வளைந்தது. நாலு வருஷத்தில் ஒரே ஒரு இடத்தில் கேபிளின் மேல்தோல் உரசித் தேய்ந்திருந்தது. அந்த முளையை எட்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிவெஸே எழுதி வைத்திருந்தாள்.

செப்டம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அவள் முளையைத் தள்ளி வைத்து அளவுத்தாளின் நான்காம் பதிப்பை வெளியிட்டாள். இன்று முதல் அமல் என்று எல்லோருக்கும் மெயில் போட்டாள். எர்மெஸ் அன்று பார்மா நகரத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவனுடைய புதிய மாட்யூலுக்கு மூன்றாம் பதிப்பின்படி துளை போட்டாகிவிட்டது என்பதும் தெரியும். சட்டங்களை இனிமேல்தான் கடையப் போகிறார்கள், அதைப் புதுத் தாளின்படிதான் கடைவார்கள் என்பதும் தெரியும். ஃபோன் பக்கத்திலேயே இருந்தது. அவள் எடுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து நான் அந்த மாட்யூலைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போய்ச் சட்டத்தோடு சேர்த்தேன். ஒரு முளை உள்ளே போனது. மற்றது துளையின் விளிம்பில் இடித்து டங்கென்று நின்றது. பின்னால் இழுத்து மறுபடி தள்ளினேன். மறுபடியும் டங்.

"எர்மெஸ், இங்க வா. உன் குழந்தை உள்ள போகமாட்டேங்குது."

அவன் வந்து அளந்தான். அவன் முகம் வெளிறிவிட்டது. மெயிலைத் தேடி எடுத்தான். எழுபது மெயிலுக்கு அடியில் கிடந்தது. பத்து நாளில் வாடிக்கையாளர்கள் வந்து ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள்.

பக்கத்தில் புதிதாகத் துளை போடலாமே என்றேன். துளை முப்பது மில்லிமீட்டர் அகலம். எட்டு மில்லிமீட்டர் தள்ளினால் பழைய துளையிலேயே விழுந்து நீளவாட்டில் கிழிந்துவிடும். நாற்பது தள்ளியிருந்தால் பிரச்சினையே இல்லை. எட்டு என்பது ஒன்றும் செய்ய முடியாத அளவு.

இஞ்ஜினியர் படியிலிருந்து இறங்கும்போதே கத்த ஆரம்பித்தார். "தாளைப் படிக்கக்கூடத் தெரியாதா உனக்கு? முதல் வருஷம் படிக்கிறவன்கூடப் பார்ப்பான்! இதுக்கா உன் மூஞ்சியை அட்டையில போட்டேன்?"

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். எர்மெஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நிவெஸ் மாடி ஜன்னலில் நின்றாள். அந்த ஒரு நிமிஷம் வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்ததாம்.

மதியம் அவன் அவளிடம் போனான். "மன்னிச்சுக்க நிவெஸ். நீ அனுப்பியிருக்க, நான் பார்க்கலை. உனக்கும் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டேன்."

"பரவாயில்ல விடு. எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்றாள் அவள்.

அவன் ஐந்து நாள் எங்களோடு கீழே பட்டறையிலேயே கிடந்தான். இருபத்தைந்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தட்டு செய்தான். ஒரு பக்கம் புது முளைகளில் உட்காரும். மறுபக்கம் பழைய அளவில் முளைகள் இருக்கும். மாட்யூல் அதன் மேல் உட்காரும். ஆனால் தட்டின் தடிமனால் மாட்யூல் இருபத்தைந்து மில்லிமீட்டர் விலகிப் போனது. அந்த இடைவெளியில் தேயிலைப் பைகள் தலைகுப்புற விழுந்தன. அவன் குறுக்கே சின்னதாக ஒரு பாலம் வைத்தான். தட்டுக்குள் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்தினான். சொருகியதும் "நான் நடுவில் இருக்கிறேன், இருபத்தைந்து" என்று அது சொல்லும். வரிசை உடனே அந்தத் தூரத்துக்குத் தக்கபடி நேரத்தைத் தள்ளிக்கொள்ளும்.

வாடிக்கையாளர் பக்கமிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். நாலு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு பைகூட விழவில்லை. மூத்தவள் தட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

எர்மெஸ் உள்ளபடியே சொன்னான். அவள் குனிந்து தட்டின் மறுபக்கத்தையும் பார்த்தாள்.

"எங்ககிட்ட இரண்டாம் பதிப்புல பழைய மாட்யூல் ஆறு கிடக்குது. புது வரிசையில சேராதுன்னு மூலையில போட்டிருக்கோம். இந்த மாதிரித் தட்டு போட்டா அதுவும் சேருமா?"

"துளை வேற இடத்துல இருக்கும். தட்டை மட்டும் மாத்தணும். பழசுக்குப் பேசத் தெரியாது, அதனால தட்டே அதுக்காகவும் பேசணும். சேரும்" என்றான் அவன்.

இஞ்ஜினியர் எல்லார் முன்னாலும் அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பழைய மாட்யூல் வைத்திருக்கிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சேதி போனது. தட்டு கேட்டு ஆர்டர் குவிந்தது. நிவெஸ் அவனைக் கவிழ்க்கத் தோண்டிய பள்ளத்தில் அவன் கிணறு கண்டுவிட்டான்.

எங்கள் ஃபிட்டர்கள் எதற்கும் பட்டப்பெயர் வைக்காமல் விடமாட்டார்கள். தட்டுக்கு ஒரு நீளமான எண் இருந்தது, யாருக்கும் வாயில் நுழையவில்லை. நிவெஸ் மாற்றியதால் வந்த தட்டுதானே. "ஏய், ஒரு நிவெஸ் கொண்டா." "எத்தனை நிவெஸ் ஸ்டாக்குல இருக்கு?" "இந்த நிவெஸ் இறுக்கமா இருக்குடா, எண்ணெய் போடு." ஒரு நாள் அவள் கீழே இறங்கி வரும்போது இதைக் கேட்டுவிட்டாள். யாரும் நோக வைக்கச் சொன்னதில்லை. அவள் படியிலேயே நின்று, அப்படியே திரும்பி மேலே போய்விட்டாள்.

மறுநாள் எர்மெஸ் தனியாக மாட்யூல் பக்கத்தில் இருந்தபோது அவள் போனாள். நான் இரண்டு சட்டத்துக்கு அப்பால் போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தேன். நான் இருப்பதை அவள் பார்க்காமல் இல்லை.

"நாலாம் பதிப்பை நான் ஜனவரியில போட்டிருக்கலாம். அவசரமே இல்லை. உன்னோடதுக்குத் துளை போட்டாச்சுன்னு தெரியும். தெரிஞ்சேதான் ஃபோன் பண்ணலை."

"ஏன்?"

"உன்னைப் பார்த்தா வயிறு எரியுது. வேற காரணம் கிடையாது."

அவன் கையிலிருந்த துணியை மடித்தான்.

"அந்தப் பத்து நாளும் என் பொண்டாட்டிகிட்ட, நான் முட்டாளா, எனக்கு இந்த வேலை சரிப்படாதோன்னு கேட்டுக்கிட்டிருந்தேன், நிவெஸ். ராஜினாமா கடிதம்கூட எழுதி வச்சிருந்தேன். நான் வந்து மன்னிப்புக் கேட்டப்போ நீ என்ன சொன்னே? எல்லாருக்கும் நடக்குறதுன்னே."

"சொன்னேன்."

"அதை மட்டும் நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

அவன் இஞ்ஜினியரிடம் போய்ச் சொல்வான் என்று அவள் தன் சாமான்களை ஒரு பெட்டியில் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரக் கூட்டத்தில் அவன் எழுந்து, இனி அளவுத்தாள் மாறினால் இரண்டு கையெழுத்து வேண்டும், மாட்யூல் வரைபடத்துக்கும் அப்படியே இரண்டு வேண்டும் என்றான். இஞ்ஜினியர், "சரி, நீயும் நிவெஸுமே போடுங்க" என்று முடித்துவிட்டார். நிவெஸ் தலையாட்டினாள். அன்றே அவள் பெட்டியைத் திறந்து சாமான்களைத் திரும்ப மேஜையில் அடுக்கினாள்.

முன்பு அவன் மேலே போகும்போதெல்லாம் அவள் மேஜையில் ஒரு காபியை வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவான். அது நின்றுபோனது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுதிக் கேட்டான், இன்னும் மூன்று பேருக்குப் பிரதி வைத்து. வசந்தத்தில் மாட்யூல் பிரிவு முழுவதற்கும் அவனைத் தலைவனாக்கினார்கள். அவள் போய்க் கை குலுக்கினாள். அவனும் குலுக்கினான்.

போன வாரம் நான் மேலே போய் எட்டிப் பார்த்தபோது அவள் அவனுடைய புதிய வரைபடம் ஒன்றின் மேல் குனிந்திருந்தாள், பென்சிலோடு. ஒரு மணி நேரமாகப் பார்க்கிறாளாம்.

"என்ன, தப்பு ஏதும் இருக்கா?" என்றேன்.

"ஒண்ணுகூட வைக்கல, அந்தப் பாவி" என்றாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.