பதினாலாம் கட்டிலில் வைவா

வியாழக்கிழமை என்றால் ஆண்கள் வார்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. சிஸ்டர் எட்டு மணிக்கே எல்லாக் கட்டிலுக்கும் விரிப்பு மாற்றிவிட்டார். மேல்படிப்புக்கு வந்திருக்கும் பிஜி டாக்டர்கள் ஆறு பேரும் உதட்டை அசைத்துக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். பத்து மணிக்குப் பெரிய டாக்டர் பாஸ்கரன் வருவார். எழுத்துப் பரீட்சையெல்லாம் கிடையாது. ஏதாவதொரு கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாயாலேயே கேள்வி கேட்பார். இந்த வைவாவுக்கு மார்க் இல்லை, பழகுவதற்குத்தான் என்று அவர் சொன்னாலும் பயம் பயம்தான்.

பதினாலாம் கட்டிலில் திம்மப்பனுக்கு வேறு தவிப்பு. பர்கூர் பக்கத்து கிரானைட் குவாரியில் பத்தொன்பது வருசமாகப் பாறையில் துளை போடுகிறவன் அவன். சீக்கிரம் திரும்பாவிட்டால் மிஷினை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். மிஷின் போனால் குவாரி கொட்டாயும் போய்விடும். அவனும் பெண்சாதி முனிலட்சுமியும் குடியிருப்பது அதில்தான். மூச்சு முட்டிக் கிடந்தவனை பைக்கில் கொண்டுவந்து சேர்த்தபோதே மேஸ்திரி சென்னப்பன் கறாராகச் சொல்லிவைத்தார்.

"என்ன வேலைன்னு கேட்டா விவசாயம்னு சொல்லு. குவாரின்னு வாயத் தொறந்த, அப்பறம் எங்கிட்ட வராத."

கேஸ் ஷீட்டில் விவசாயம் என்றே ஏறியது. டிபியாக இருக்கலாம் என்றார்கள். திம்மப்பனுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. டிபிக்கு மாத்திரை உண்டு. ஆறு மாசத்தில் தீரும். மாத்திரையை மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம்.

பாஸ்கரன் ஸ்டூலை இழுத்துப் போட்டது பதினாலாம் கட்டிலருகே. அந்த ஆறு பேரில் ஒருத்தியான பிரவீனாவுடைய கேஸ் அது.

"இவருக்கு என்ன வேலைம்மா?" அவர் திருநெல்வேலிக்காரர்.

"விவசாயம் சார்."

"என்ன போட்டிருக்காரு?"

பிரவீனா திம்மப்பனைப் பார்த்தாள். "ராகிங்க. கொஞ்சம் மாமரம்" என்றான் அவன். அவனுக்கு ஒரு குழி நிலம் கிடையாது.

பாஸ்கரன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நெஞ்சின் மேல்பாதி முழுக்க வெள்ளைப் பொடி தூவினாற்போல் புள்ளிகள். "சளியில கிருமி இல்ல. மாந்தோப்புல நின்னவன் நெஞ்சு எப்படிம்மா இப்படி ஆச்சு?"

பிரவீனா கேஸ் ஷீட்டை முன்னும் பின்னும் திருப்பினாள். மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். திம்மப்பனுக்குப் பாவமாக இருந்தது. ஊசி போடும்போதெல்லாம் 'வலிக்குதாண்ணா' என்று கேட்கிற பெண்.

"தெரியலேன்னா தப்பில்ல. கேக்காம விட்டதுதான் தப்பு. இப்பம் கேளு, நான் இருக்கேன்லா."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. ராகி அறுக்கிற கை இப்படிக் காய்க்காது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அண்ணா, வெரலு மரத்துப்போகுதா?"

"பத்தொம்பது வருசமா மிஷின் புடிச்ச கை, மரத்துப்போகாம இருக்குமா?"

வாய் முந்திக்கொண்டது. திம்மப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்படிக் கேளு" என்றார் பாஸ்கரன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கல்தூசி நெஞ்சுல படிஞ்ச நோய். சிலிக்கோசிஸ். அடுத்த வியாழன் இதே கட்டில். எத்தன மணி நேரம் வேலை, தண்ணி விட்டுத் துளை போடுதாங்களா, மூக்குக்கு என்ன கட்டுதாங்க, ஒண்ணு விடாம சொல்லணும்."

எல்லோரும் போனபிறகு திம்மப்பன் பிரவீனாவைக் கூப்பிட்டான். "மேடம், குவாரின்னு எழுதாதீங்க. புண்ணியமாப் போவும்."

"உங்க நல்லதுக்குத்தான்ணா. டிபி மாத்திரை உங்களுக்குக் கேக்காது."

அதன்பிறகு அவள் கேள்வி கேட்க வந்தபோதெல்லாம் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வெள்ளி, சனி, ஞாயிறு போயின. வியாழக்கிழமைக்குச் சொல்ல பிரவீனாவிடம் ஒரு வரிகூடச் சேரவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். 'உடன் வந்தவர்: சென்னப்பன்' என்று போட்டு ஒரு போன் நம்பர் இருந்தது. சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டாள். நர்ஸ் மேசையருகே நின்று போன் செய்தாள்.

"சார், திம்மப்பன் அண்ணா குவாரில ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் துளை போடுவாரு?"

அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்குக் கேள்விதான் வந்தது. "யாருங்க சொன்னது?"

"அவரேதான் சொன்னாரு. டாக்டருங்க முன்னால."

"அப்பிடி யாரும் எங்க குவாரில வேலை செய்யலீங்க மேடம்."

போன் வைக்கப்பட்டது. அவர் யார் என்பது அப்போதுதான் பிரவீனாவுக்கு உறைத்தது. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பதினாலாம் கட்டில் பக்கம் போகாமலே அன்றைக்கு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை, பாஸ்கரன் வந்து உட்கார்ந்த நேரத்தில்தான் முனிலட்சுமி வார்டுக்குள் நுழைந்தாள். இரண்டு கையிலும் மூட்டை. டாக்டர்களைப் பார்த்து ஒதுங்கி நின்றவள் புருசனிடம் தெலுங்கில் தணிந்த குரலில் சொன்னாள். கொட்டாயில் வேறு ஆளைக் குடிவைத்துவிட்டார்கள். மிஷினும் அந்த ஆளிடம்தான். நோட்டில் உன் பேரே இல்லை என்கிறார் மேஸ்திரி.

"எத்தன மணி நேரம் வேலை?" பாஸ்கரன் பிரவீனாவைக் கேட்டார்.

அவள் முனிலட்சுமியின் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எட்டு மணி நேரங்க." பதில் கட்டிலில் இருந்து வந்தது. திம்மப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தான். இனி எதற்கு மறைக்க வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது அவனுக்கு. "லோடு அவசரம்னா பத்து. தண்ணி ஊத்த மாட்டாங்க, காஞ்ச பாறையிலதான் போடணும். மூக்குக்குத் துண்டு. அதையும் நாங்கதான் கொண்டாரணும்."

ஐந்து பேர் விறுவிறுவென்று எழுதிக்கொண்டார்கள். பிரவீனா எழுதவில்லை.

"இத விடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது" என்றார் பாஸ்கரன். "பிரவீனா, வைத்தியம் சொல்லு."

அவள் இங்கிலீஷில் சொன்னாள். குணப்படுத்த மருந்து கிடையாது, தூசிப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"சரியான பதில்." அவர் எழுந்தார். "அருமையான கேஸ். அடுத்த மாசம் பரீட்சைக்கு வைக்கலாம். எல்லாரும் நெஞ்சக் கேட்டுக்கிடுங்க."

டாக்டர்கள் வரிசையாக நின்றார்கள். ஸ்டெதாஸ்கோப் ஒவ்வொன்றாக அவன் முதுகில் பட்டது. மூச்சை இழுங்க, விடுங்க. திம்மப்பன் இழுத்தான், இருமினான், மறுபடி இழுத்தான். அவர்கள் காலுக்கு நடுவே குனிந்து முனிலட்சுமி பானையையும் ராகி மூட்டையையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.